கம்பக்குழிக்கு வந்த குடங்கள்

இடுப்பளவு வெட்டிய குழிக்குள்ளிருந்து நல்லகண்ணு தலையைத் தூக்கினார். வெட்டிப்போட்ட மண்ணுக்கு அந்தப் பக்கம் குடங்கள் வரிசை கட்டி நின்றன.

"ஏ தாயி, என்ன இதெல்லாம்?"

வரிசையின் கடைசியில் தன் குடத்தை வைத்துக்கொண்டிருந்த மாடத்தி, "புதுக் குழாய் வருதுல்லா, அதான்" என்றாள்.

"குழாயா? தெருவிளக்குக் கம்பம் நடுததுக்குக் குழி இது. பஞ்சாயத்துல லைட்டு போடுதாவ."

"எங்களக் கிறுக்கச்சின்னு நெனச்சியளா அண்ணாச்சி? வெளக்குக் கம்பத்துக்கு இத்தன கொடமா வந்து நிக்கும்?"

நல்லகண்ணு மறுபடி மம்பட்டியை எடுத்து மண்ணை வெட்டினார்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருந்தது அந்தத் தெரு. சாரல் பிடித்து ஐந்தருவியில் தண்ணீர் கொட்டியது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் பஸ் ஏறி வந்து குளித்துவிட்டுப் போனார்கள். தெருக்குழாயில் மட்டும் வெறும் காற்றுதான் வந்தது. கூலி வேலைக்கு வந்த நல்லகண்ணுகூடக் குடிக்கிற தண்ணீரை வீட்டிலிருந்துதான் சுமந்து வந்தார். அந்தத் தெருவில் வரிசைக்கு ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும். ஒரு குடத்தைக் கண்டால் அதன் பின்னால் தன் குடத்தை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள். எதற்கு வரிசை என்று ஒருவரும் கேட்பதில்லை.

பொழுது சாய்வதற்குள் கம்பம் நின்றால்தான் நாளைக்கும் வேலை என்று ஓவர்சியர் குற்றாலிங்கம் காலையிலேயே சொல்லிவிட்டார். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. வாதாடத் தெம்பில்லை. நல்லகண்ணு ஒரு பொய் சொல்லிப் பார்த்தார்.

"சரி, குழாய்தான். ஆனா கீழத்தெருவுக்கு. எல்லாரும் அங்கன போங்க."

ஒரு குடமும் நகரவில்லை. பேச்சு மட்டும் கீழத்தெருவுக்குப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தெருவே குடமும் கையுமாக வந்தது.

"எங்க குழாய இங்கன வச்சுத் தோண்டுதியளோ?" என்று கேட்டு, இருந்த வரிசைக்கு முன்னால் இன்னொரு வரிசை போட்டார்கள். ஒரு பித்தளைக் குடம் நசுங்கியது. யாரோ யாருடைய கொண்டையையோ பிடித்தார்கள்.

குழி இருந்தால்தானே சண்டை என்று நினைத்த நல்லகண்ணு, வெட்டிய மண்ணையே திரும்ப உள்ளே தள்ளினார்.

"ஐயோ, வந்த குழாய மூடுதாரே!"

அதுவரை அடித்துக்கொண்ட இரண்டு தெருவும் ஒன்றாகிவிட்டன. மாடத்தி குழிக்குள் குதித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எம்மேல மண்ணப் போடும் பாப்போம்!"

அந்த நேரம் பார்த்து மாட்டுவண்டியில் கம்பம் வந்தது. பின்னால் சைக்கிளில் ஓவர்சியரும் வந்தார்.

"என்னவே இது? கம்பம் நடச் சொன்னா கோயில் கொடை நடத்துதீரு? குழிக்குள்ள ஆரு அது?"

"நான் ஒண்ணுஞ் செய்யல சார். எந்தப் பாவியோ மொதக் கொடத்த வச்சிருக்கான். அதப் பாத்து எல்லாம் வந்துட்டு."

"அந்த ஆள இப்பமே காட்டும். இல்லன்னா நாளைக்கு மம்பட்டியப் பிடிக்க வேற ஆளு வருவான்."

நல்லகண்ணு பழைய வரிசையின் வாலிலிருந்து ஆரம்பித்தார். குழிக்குள்ளிருந்தே மாடத்தி தனக்கு முன்னால் நின்றவளைக் கை காட்டினாள். அவள் உச்சிமாகாளி என்ற பையனைக் காட்டினாள். "நான் வரையில இவ கொடம் இருந்துச்சு" என்று உச்சிமாகாளி அடுத்தவளைக் காட்டினான். இப்படியே கை மாறி மாறி, மேலவீட்டு ஹைருன் பீவியிடம் வந்து நின்றது. அவள் குடத்துக்கு முன்னால் ஒரே ஒரு மண்குடம்தான் இருந்தது.

பிடித்துவிட்டோம் என்ற நிம்மதியில்தான் நல்லகண்ணுவுக்குத் தாகம் தெரிந்தது. பக்கத்தில் குனிந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, என் பொழப்பே ஒன் வாயிலதான் இருக்கு. சார் முன்னால பயப்படாமச் சொல்லு. ஒனக்கு முன்னால கொடம் வச்சது ஆரு?"

ஹைருன் பீவி ஓவர்சியரைப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அந்தக் கொடத்துலதான அண்ணாச்சி, காலையிலேருந்து நீங்க தண்ணி குடிக்கிய!"