நெடுமங்காட்டு வரிசையில் நான் நின்ற காரணம்

கரமனை,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய தளவாய் அவர்களுக்கு, தங்கள் வருங்காலச் சம்பந்தி என்று எழுத இன்னும் உரிமை உண்டென்ற நம்பிக்கையில் அழகியநம்பி வணக்கத்துடன் எழுதுவது. பழவங்காடிப் பிள்ளையார் அருளால் தாங்களும் குடும்பத்தாரும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே என் ரத்த அழுத்தம் நீங்கலாக எல்லோரும் நலம்.

செவ்வாய்க்கிழமை நெடுமங்காட்டு மதுக்கடை வரிசையில் தாங்கள் என்னைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். அன்றிலிருந்து ஏழு முறை போன் செய்துவிட்டேன், தாங்கள் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். தங்கள் மகன் சுதீஷுக்கும் என் மகள் ஆர்யாவுக்கும் நடுவில் இப்போது ஒரு பாட்டில் நிற்கிறது. அறுபத்துமூன்று வயதுவரை ஒரு சொட்டு தொடாதவன் நான். இருமல் மருந்தைக்கூட லேபிள் படித்துவிட்டுத்தான் குடிப்பேன். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

ஆர்யா பொன்முடியிலிருந்து ஒரு செடியின் இலையைக் கொண்டுவந்து ஆராய்ச்சி செய்வது தாங்கள் அறிந்ததே. இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, முதலில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து மெழுகையும் எண்ணெயையும் கழற்றிவிட்டாள், அடுத்து மருந்துச்சத்து இறங்க எத்தனால், அதாவது சுத்தமான ஆல்கஹால், வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் இறங்கியாக வேண்டும், ஏனென்றால் சனிக்கிழமை அந்தச் சத்தை உயிருள்ள செல்களில் போட்டுப் பார்க்க முறை ஒதுக்கியிருக்கிறார்கள், தவறினால் மூன்று மாதம் கழித்துத்தான், அதற்குள் அவளுடைய ஆராய்ச்சிக் காலமே முடிந்து ஐந்து வருட உழைப்பும் போய்விடும். இந்த நேரம் பார்த்து ஆய்வுக்கூடத்தில் எத்தனால் தீர்ந்துபோயிற்று. அதை வாங்கக் கலால் பர்மிட் வேண்டுமாம். புதுப்பிக்க அத்தனை பேரும் மறந்துவிட்டார்கள். திங்கட்கிழமை சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அழுதாள்.

“மெத்தனால் அலமாரி நிறைய இருக்குன்னு சொன்னியே மோளே?” என்றேன்.

“அது விஷம்ப்பா. நாளைக்கு மருந்தாகணும்னா கொஞ்சம் மிச்சம் நின்னாலும் ஆகாது. எங்க கைடு ஷீனா மேடம் சம்மதிக்கவே மாட்டாங்க. ஆல்கஹால் கிட்டாம எனக்கு ஒண்ணும் நடக்காது.”

பெற்ற மனம் கேட்குமா? கரமனையில் வாங்கினால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்று, மறுநாளே பஸ் பிடித்து, தெரிந்த முகமே இருக்காத நெடுமங்காட்டுக்குப் போனேன். தலையில் துண்டு, மூக்கில் மாஸ்க், கையில் துணிப்பை. மூச்சு முட்டுகிறதே என்று மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கிய அந்த ஒரு நொடியில் தங்கள் கண் என்மேல் விழுந்தது. தாங்கள் வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். எனக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது, ஆனாலும் மகள் அழுத முகம் ஞாபகம் வந்து நின்றுவிட்டேன்.

“எந்தா வேணும் அம்மாவா?” என்று மலையாளத்தில் என்னை மாமாவாக்கிக் கேட்டார் கவுண்டரில் இருந்தவர்.

“நிறம் கூடாது, மணம் கூடாது, தண்ணி கலக்கக் கூடாது. அனலிட்டிக்கல் கிரேடு உண்டோ?”

“இவிடெ ஃபுல்லும் ஹாஃபும் மாத்திரமே உள்ளூ.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவமானத்தில் கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆர்யா பாட்டிலைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அப்பா, இதுல பாதிக்கு மேல தண்ணி. எனக்குத் தொண்ணூத்தொன்பது சதவீதம் வேணும்!”

இன்று காலை பர்மிட்டும் வந்தது, எத்தனாலும் வந்தது, இலை நன்றாக ஊறிக்கொண்டிருக்கிறது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மூடி திறக்காத பாட்டில் சாட்சியாக வீட்டில் இருக்கிறது, வந்து பாருங்கள். அப்பன் செய்த கோமாளித்தனத்துக்காகப் பெண்ணை வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள். தங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். வீட்டம்மாவுக்கு என் வணக்கங்கள்; சுதீஷ் தம்பி நூறாண்டு நன்றாக இருக்கட்டும்.

தங்கள் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்,
அழகியநம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குமுன் என் மனைவி வடிவாம்பாள் வாங்கிப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அவரு எங்க நின்னு உங்களப் பாத்தாரு?” வரிசையில் எனக்கு முன்னால் மூன்றாவது ஆளாக, என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஆகவே மேலே கெஞ்சியது அனைத்தையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஞாயிறு காலை பத்தரைக்குத் தாம்பூலத் தட்டோடு வந்து சேருங்கள். தங்கள் வீட்டில் எந்த இலையை ஊறவைக்கிறீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கு ஆல்கஹால்தான் வேண்டுமா, வெறும் தண்ணீர் போதுமா என்று ஆர்யா பார்த்துச் சொல்வாள்.