கட்டிங் பிளேயரும் என் தாம்பாள மேளமும்

எமனைப் பார்த்து ஓடாதவர்கள்கூட எங்கள் ஊரில் உண்டு. கட்டிங் பிளேயரைப் பார்த்து ஓடாதவர் ஒருவரும் கிடையாது.

ஆந்திராவில், சத்தியவேட்டுக்குப் பக்கத்துத் தமிழ் ஊர் எங்களுடையது. அவர் கரண்டு ஆபீஸ் லைன்மேன். இடுப்பில் எப்போதும் ஒயர் வெட்டும் கட்டிங் பிளேயர் ஒன்று தொங்கும்; அதுவே அவர் பெயராகிவிட்டது. அவர் சைக்கிள் ஏரிக்கரையில் தெரிந்தால் போதும், லைனில் கொக்கி போட்டுத் திருட்டுக் கரண்டு எடுத்தவர்கள் எல்லாம் கொக்கியை உருவிக்கொண்டு ஓடுவார்கள். கொக்கி போடாதவர்களும் துணைக்கு ஓடுவார்கள்.

ஒருமுறை மேலத்தெருக்காரர் ஒருவர் வசமாக மாட்டிக்கொண்டார். "அது துணி காயப்போடற கம்பி சார்" என்றார்.

"அப்டியா? எங்க, ஒரு ஈரத் துண்ட நீயே போட்டுக் காட்டு" என்றார் கட்டிங் பிளேயர்.

அந்த மனுஷன் நேராகத் திருப்பதி பஸ் ஏறி, மொட்டை போட்டுக்கொண்டு மூன்றாம் நாள்தான் ஊர் திரும்பினார்.

நான் அவரிடம் மாட்டியது எட்டாம் வகுப்பு படிக்கும்போது. எஸ்டிடி பூத்தும் கேபிள் டிவியும் ஊருக்குள் வந்துவிட்டன. வயல் மோட்டார் ஓட மூன்று ஒயரிலும் கரண்டு வேண்டும்; அந்த மோட்டார் கரண்டு மட்டும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தவுடன் மோட்டாரைப் போடாவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. அதற்காக மோட்டார் கொட்டகையில் காவல் இருந்த அண்ணன், மெட்ராசுக்குக் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான்.

"நாளைலருந்து நீ கொட்டாய்ல குந்திக்கினு இரு. ஸ்கூலு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் நைனா.

அடுத்த வருஷம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டு அக்கா மூன்று அடுத்த வருஷமாக ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இறக்கை உடைந்த டேபிள் ஃபேன் ஒன்று கிடந்தது. அதன் தண்டில் ஒரு குழம்புக் கரண்டியைக் கட்டி, எதிரே எவர்சில்வர் தாம்பாளத்தைத் தொங்கவிட்டேன். மோட்டார் பெட்டிக்கு வரும் மூன்று ஒயரில், மோட்டார் கரண்டு இல்லாத நேரத்தில் எது கரண்டில்லாமல் செத்துக் கிடக்கிறது என்று டெஸ்டர் வைத்துக் கண்டுபிடித்தேன். அதில் ஃபேனை மாட்டினேன்; மோட்டார் கரண்டு வந்தால்தான் ஃபேன் சுற்றும்.

மறுநாள் பகல் பதினொரு மணிக்குக் கரண்டு வந்தது. ஃபேன் சுற்ற, கரண்டி தாம்பாளத்தை வெளுத்து வாங்கியது. சாவு மேளம் என்று நினைத்து நாலு பேர் துண்டோடு வந்துவிட்டார்களாம். களை எடுத்துக்கொண்டிருந்த நைனா ஓடிப்போய் மோட்டாரைப் போட்டார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தத்துக்குக் கட்டிங் பிளேயரே வந்துவிட்டார். மெயின் சுவிட்சை இறக்கினார். ஒயரைப் பார்த்தார்.

"யார் மாட்டனது இத?"

நைனாவின் விரல் என் பக்கம் நீண்டது. பெற்ற அப்பா! ஆனாலும் அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் நீட்டியிருப்பார்கள்.

"எந்தக் கையால மாட்டன?"

வலது கையை நீட்டினேன். வெட்டத்தான் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அதைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்காவது தீய்ந்திருக்கிறதா என்று தேடினார்.

"செத்துப் போயிருப்ப பாப்பா" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து, "எந்த ஒயரு செத்துக்கினு இருக்கும்னு எப்டி கண்டுபுடிச்ச?" என்றார். சொன்னேன். "தேவுடா!" என்றார்.

அவரே ஃப்யூஸ், சுவிட்ச், மரப்பெட்டி எல்லாம் வைத்துத் திரும்ப மாட்டிக் கொடுத்தார். பிறகு, "சித்தூர்ல புள்ளைங்க செஞ்ச பொருளுங்கள வெச்சி சயின்ஸ் ஃபேர் நடக்குது. வெள்ளிக்கெழம ரெடியா இரு" என்றார். அது அழைப்பா, கைதா என்று தெரியாமல் அம்மா அழுதாள்.

பஸ்ஸில் ஃபேன் அவர் மடியில், தாம்பாளம் என் மடியில், நைனா நடுவில்.

சித்தூரில் நடுவர்கள் தெலுங்கில் கேட்டார்கள். எனக்குத் தமிழே வரவில்லை. கட்டிங் பிளேயர்தான் சுவிட்சைப் போட்டார். தாம்பாளம் முழங்கிய முழக்கத்தில் பக்கத்து மேசையில் யாரோ செய்துவைத்த களிமண் எரிமலை சரிந்தது. நடுவர்களில் ஒருவர் கரண்டு ஆபீஸ் பெரிய அதிகாரி. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"மோட்டார் லைன்ல ஃபேன் போட பெர்மிஷன் எவரிச்சாரு?"

யாரும் கொடுக்கவில்லையே!

"நேனே இச்சானு சார்" என்றார் கட்டிங் பிளேயர். நான்தான் கொடுத்தேன் என்று, கண் இமைக்காமல். சொந்த மச்சான் வீட்டு லைனையே அறுத்த மனுஷன்!

இரண்டாம் பரிசு கிடைத்தது. சான்றிதழை நைனா வேட்டியில் கை துடைத்துவிட்டு வாங்கினார். அதற்குப் பிறகு வீட்டில் அடுத்த வருஷம் என்ற பேச்சே எழவில்லை.

பத்தே நாளில் அந்த அதிகாரி கட்டிங் பிளேயரைக் காணிப்பாக்கம் பக்கம் மாற்றிவிட்டார். போவதற்கு முன் எங்கள் வயலுக்கு வந்தார்.

"அடுத்து இன்னா செய்யப் போற?"

"தெரியல சார்."

"யோசிச்சிக்கினே இரு. தெரிஞ்சதும் லெட்டர் போடு" என்று சைக்கிளில் ஏறினார். புளியந்தோப்பைத் தாண்டி அவர் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எதையாவது மறந்துவிட்டு, அதை எடுக்கவாவது திரும்பி வரமாட்டாரா என்று இருந்தது.