நாலுக்கு மேல் எண்ணாத இயந்திரம்

பெருமதிப்பிற்குரிய கொழுந்தனார் அவர்களுக்கு,

இவ்விடம் கணினியைத் தவிர அனைவரும் நலம். நான்கு மாதங்களுக்கு முன் தாங்கள் விடுத்த எச்சரிக்கைக்கு இன்றுதான் மறுமொழி எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். தாங்கள் சிரிப்பது காதில் விழுமே என்றுதான் தங்கள் அண்ணனிடம் கடிதமாகக் கொடுத்தனுப்புகிறேன்.

"அண்ணி, அந்தப் பழைய இயங்குதளம் நாலு ஜிபிக்கு மேல எண்ணாது. எட்டு மாட்டினாலும் வீண்" என்றீர்கள். "எட்டாவது படிச்ச நானே தனியா உட்கார்ந்து கம்ப்யூட்டர் கத்துக்கிட்டேன், அது எண்ணக் கத்துக்காதா?" என்று தங்களை மடக்கினேன். எட்டு ஜிபி நினைவகம் வாங்கி என் கையாலேயே பொருத்தினேன். திரையில் மூன்றேகால் என்று வந்தது. போலிச் சரக்கு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் தம் கணினியில் மாட்டி, "எட்டு காட்டுது பாருங்கம்மா. மிச்சத்தை உங்க வீட்டு மெஷின்கிட்ட கேளுங்க" என்றுவிட்டார்.

கேட்க நேரமில்லை. மீன்களுக்கு வரும் நோய்கள் பற்றிய நூல், அறுநூறு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம். வடிவமைப்பு முழுவதும் என் பொறுப்பு. நாளை நண்பகலுக்குள் அச்சகத்தில் சேர்க்காவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும், இனி என்னை நம்பி ஒரு நூலும் வராது. நேற்றுக் காலை முதல் முடித்த நாற்பத்தொரு பக்கங்களைச் சேமிக்கப் போனால், 'நினைவகம் போதவில்லை, பிற நிரல்களை மூடவும்' என்கிறது. திறந்திருப்பது அந்த நூல் ஒன்றுதான், எதைத் தம்பி மூடுவேன்? அழுகிய செவுளோடு ஒரு மீன் நேற்றிலிருந்து திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது. யாரும் கால் இடறிவிடக் கூடாதென்று பிளக்கின் அருகே நாற்காலி போட்டுத் தங்கள் அண்ணனைக் காவல் வைத்திருக்கிறேன். பொறுப்பான மனிதர்.

கணினியை அணைக்காமல் அப்பக்கங்களை மீட்க ஒரு வழி கூறுக. தங்கள் துணைவியாருக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இங்ஙனம்,
அண்ணி

பி.கு.: வெளியே கிளம்பும்போது வீட்டிலுள்ள சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டுப் போவது தங்கள் அண்ணனின் முப்பது வருடப் பழக்கம். இக்கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பையும் மாட்டிக்கொண்டு, அணைத்துவிட்டார். அவரை வாசலில் நிறுத்தி, கடிதத்தைத் திரும்ப வாங்கி இதை எழுதுகிறேன். ஆகவே மேலே கேட்ட வழி வேண்டாம். எட்டு வரை எண்ணும் புதிய இயங்குதளத்தோடு இன்றே வாருங்கள். நாற்பத்தொரு பக்கத்தையும் கையெழுத்துப் பிரதியிலிருந்து நீங்கள் வாசிக்க வாசிக்க நான் அடித்துவிடுவேன். சிரிப்பதை நாளை நண்பகலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வருவீர்களா என்று இவரிடமே உடனே பதில் கொடுத்தனுப்புங்கள்.