பின்சுவரும் காகிதப்பூவும்

என் வேட்டியில் பாதி செடியில் இருந்தது. மீதி என்னிடம். பின்சுவரின் மேல், ஒரு கால் எங்கள் வீட்டிலும் ஒரு கால் ஒச்சாண்டியின் வெங்காயக் கிட்டங்கியிலுமாக உட்கார்ந்திருந்தேன். மடி அவிழ்ந்ததில் சீட்டுக்கட்டு அந்தப் பக்கம் கொட்டிவிட்டது.

“மாப்ளே, கட்டு வந்துருச்சு. நீ மெதுவா வா” என்றான் ஒச்சாண்டி கீழிருந்து.

“முள்ளுப்பா. அசைய முடியல.”

“காகிதப்பூச் செடியா இது? பூ ஒண்ணையும் காணோமே.”

“தெனம் ரெண்டு வாளி ஊத்துறேன். புண்ணாக்கு வேற.”

“கூறுகெட்டவனே! காயப் போட்டாத்தான் இது பூக்கும். தண்ணி காட்டுனா இலையும் முள்ளுந்தான்.”

சொல்லிவிட்டு ஆட்டத்துக்குப் போய்விட்டான்.

வீரபாண்டித் திருவிழாவில் கற்பூரம் அணைத்து, இனிச் சீட்டைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தவன் நான். செய்ய வைத்தவள் என் மனைவி சங்கிலியம்மாள். அம்மனுக்கு மரியாதையாக, அன்றிலிருந்து வாசல் வழியாகச் சீட்டாடப் போவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த வாரமே அவள் பெரியகுளத்து அக்கா வீட்டிலிருந்து ஒரு குச்சியைக் கொண்டுவந்து பின்சுவரோரம் ஊன்றினாள்.

“வீட்டுக்கு ஒரு அழகு வேணாமா? நீங்களே தண்ணி ஊத்துங்க. உங்க கைராசி யாருக்கு வரும்?”

கம்பத்தில் திராட்சைக் கமிஷன் கடை வைத்திருப்பவனிடம் கொடியைக் கொடுத்து இப்படிச் சொன்னால் என்ன ஆகும்? திராட்சைக்குப் போடுவதையெல்லாம் போட்டேன். தொழுவுரம், எலும்புத்தூள், கடலைப் புண்ணாக்கு. கடைக் கணக்குப்பிள்ளைக்குக்கூட நான் அவ்வளவு போட்டதில்லை. செடி சுவரேறிப் படர்ந்தது. நான் ஏறும் இடம் மாதாமாதம் சுருங்கியது.

“கவாத்துப் பண்ணிரட்டுமா?” என்றேன் ஒருநாள், தோட்டக்காரன் குரலில்.

“ஒரு பூவையாச்சும் கண்ணால பாத்துட்டு வெட்டுங்க.”

பூக்கவில்லை. இன்னொரு வாளி ஊற்றினேன்.

“என்னங்க, அங்கன என்ன செய்யுறீக?”

நான் சுவரில் மாட்டிக்கொண்டிருக்க, சங்கிலி கீழே எங்கள் பக்கம் நின்றாள். கையில் ஸ்டூல் இருந்தது. கேள்வி கேட்க வருகிறவள் ஸ்டூலோடு ஏன் வருகிறாள் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

“பூ வந்திருக்கான்னு பாத்தேன்.”

ஸ்டூலில் ஏறி, முள் முள்ளாக என்னை விடுவித்தாள். இறக்கி, அதே ஸ்டூலில் உட்காரவைத்து, தாலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கெண்டைக்காலில் முள் எடுக்கத் தொடங்கினாள்.

“உங்க அக்கா வீட்டுச் செடி எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“அவுகளுக்கு ஏது நேரம்? தண்ணியே ஊத்துறதில்ல. இலை தெரியாமப் பூத்துக் கெடக்கு.”

“அப்ப ஒனக்கு மொதல்லயே...”

“ஆடாதீக. முள்ளு உள்ள போயிரும்.”

நான் ஆடவில்லை. ஸ்டூல்தான் ஆடியது.

“பூ வந்திருந்துச்சா?”

“இல்ல.”

“அப்பத் தண்ணி பத்தல போல” என்று வாளியை என் முன் நகர்த்தினாள்.

பூப் பார்க்க ஏறியவன் வேறு என்ன செய்ய முடியும்? எழுந்துபோய் ஊற்றினேன்.

“ஏலே, இஸ்பேட் ராஜாவைக் காணோம்டா!” என்று சுவருக்கு அந்தப் பக்கம் ஒச்சாண்டி கத்தினான்.

சங்கிலி செடியடியில் கிடந்த சீட்டை எடுத்து, நாலாக மடித்து, ஸ்டூலின் குட்டைக் காலுக்கடியில் செருகினாள்.