நல்ல நேரத்தில் பிடுங்கிய பிளக்

பக்தியால் விளையும் நன்மைகளைப் பாடியோர் எண்ணற்றோர். பக்தியால் விளையும் சேதத்தைப் பாட ஒருவரும் முன்வரவில்லை. அந்த இருக்கை காலியாகவே கிடப்பதால் நான் அமர்ந்துகொள்கிறேன். தகுதியும் உண்டு.

கடலூரில், திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் எங்கள் வீடு. விடியலில் பதிகம் ஓதி முடிக்கும்வரை என் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது. மிச்சப் பொழுதில் பழைய பதிப்புகளை வைத்துக்கொண்டு பாடபேதம் பார்ப்பேன். ஓரடியில் இரு பதிப்புகள் இருவேறு சொற்களைத் தந்தால், எந்தப் பிரதியைப் பார்த்து எந்தப் பிரதி எழுந்தது என்று துருவுவதில் எனக்கு அளவற்ற இன்பம். (என் மனைவி விசாலம் இதற்கு வைத்த பெயர், 'வேலையத்த வேலை'.)

என் தம்பி மகள் ஞானாம்பிகை அப்போது எங்களுடன் இருந்தாள். தம்பிக்கு வடக்கே உத்தியோகம். ஞானாவின் தாயைப் புற்றுநோய் கொண்டுபோயிற்று. ஒருமுறை குணமாகிவிட்டது என்றார்கள். அது திரும்பி வந்தபோது, முன்பு கேட்ட மருந்துக்கு இம்முறை அசையவே இல்லை. "அதே நோய்தான பெரியப்பா, அதே மருந்துதான? ஏன் கேக்கல?" என்று பள்ளிச் சீருடையில் நின்றபடி அவள் கேட்டாள். ஊழ்வினை என்றேன். அந்த விடை போதாமல்தான் அவள் சிதம்பரத்தில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தாள்.

புற்றுநோய் ஆராய்ச்சி என்றால் எலியும் கண்ணாடிக் குழாயும் என்று நினைத்திருந்தேன். அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு கறுப்புப் பெட்டி. ஆய்வுக்கூடத்துக் கணினி பலருக்கும் பொது என்பதால் சொந்தமாக ஒன்று சேர்த்து, அதை எங்கள் வீட்டில் வைத்தாள். காரணம், எங்களிடம் இன்வெர்ட்டர் இருந்தது. இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு; மின்சாரம் விருந்தாளியைப்போல வந்து, தங்காமல் போகும் காலம். விசாலம் மிக்ஸி போடக்கூட அவளிடம் அனுமதி கேட்டாள்.

சரசுவதி பூசைக்கு முந்தைய நாள், வழிகாட்டும் பேராசிரியையைப் பார்க்கச் சிதம்பரம் கிளம்பினாள் ஞானா. விடுமுறை முடிந்ததும் ஆய்வுக் குழுவின் முன் முடிவுகளைக் காட்டவேண்டும். காட்டினால் ஆய்வேட்டை எழுதத் தொடங்கலாம். இல்லையேல் குழு மறுபடி கூடும்வரை காத்திருக்கவேண்டும்.

"பெரியப்பா, பொட்டி ஓடிக்கிட்டு இருக்குது. கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் பாத்துக்கும். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்" என்றாள்.

('ஒண்ணும் செய்ய வேணாம்' என்பதை என் முதுமைக்குக் காட்டிய மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.)

மறுநாள் பூசை. எங்கள் வீட்டில் அன்று எந்தக் கருவியும் உழைக்காது. அரிவாள்மனைக்கு ஓய்வு, தையல் இயந்திரத்துக்கு ஓய்வு, என் பதிகப் புத்தகங்களுக்கும் ஓய்வு. எல்லாம் அம்பாள் திருமுன் அடுக்கப்பெறும். மறுநாள் காலை மறுபூசை முடியும்வரை ஓர் எழுத்தையும் படிக்கக்கூடாது. அப்படிப்பட்ட நன்னாளில், கலைமகளின் அருளால் கற்ற பெண்ணின் கருவி மட்டும் மூலையில் தூசியோடு கிடப்பதா? திரையைப் பார்த்தேன், இருண்டிருந்தது. உறங்குகிறது என்று முடிவு கட்டினேன்.

"என்னங்க, அது ஓடுதுன்னு புள்ள சொல்லிட்டுப் போச்சே" என்றாள் விசாலம்.

"ஓடுகிறதாம். கால் எங்கே இருக்கிறது?" என்றேன். (சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூசுகிறது.)

பஞ்சாங்கம் பார்த்து, இராகு காலம் கழித்து, பிளக்கைப் பிடுங்கினேன். 'உய்' என்று ஓர் ஒலி எழுந்து அடங்கிற்று. அதைப் பெட்டியின் நன்றியுரையாகக் கொண்டேன். பட்டுத் துணியில் ஏந்திவந்து அரிவாள்மனைக்கும் மிக்ஸிக்கும் இடையே எழுந்தருளச் செய்து, முக்குறியாக நீறு பூசி, காற்றோட்டத்துக்கென விட்டிருந்த துளை வரிசை முழுவதும் சந்தனத்தால் அழகுபெற அப்பி, குங்குமம் இட்டேன்.

ஞானா எதிர்பாராத விதமாக அன்று மாலையே வந்துவிட்டாள். அறைக்குள் போனவள் உடனே திரும்பினாள்.

"பெரியப்பா, பொட்டி எங்க?"

"அம்பாள் திருமுன்."

வந்து பார்த்தாள். முகத்தில் குருதி வற்றுவதை முதன்முறையாகக் கண்டேன்.

"எப்போ ஆஃப் பண்ணீங்க?"

"நல்ல நேரம் பார்த்துத்தான் அம்மா" என்றேன், பாராட்டுக்குக் காத்து.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "மகாளயத்துக்கு முன்னாலேருந்து ஓடுது பெரியப்பா. இன்னும் ஒரு நாள்ல முடிஞ்சிருக்கும்."

"மீண்டும் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடராதா?"

"அது என்ன டிவி சீரியலா?"

அழுதாளா சிரித்தாளா என்று எனக்குத் தெரியவில்லை. அத்தருணத்தில் அறிவுள்ள எவனும் வாயைத் திறக்கமாட்டான். நான் திறந்தேன். "எதுவாயினும், காலை மறுபூசை ஆகும்வரை அதைத் தொடலாகாது" என்றேன்.

திருமணமான நாள்முதல் விசாலம் என்னை அப்படிப் பார்த்ததில்லை. கற்பூரத்தை ஏற்றி, மறுபூசையை அந்த நொடியே முடித்து, பெட்டியைத் தூக்கி ஞானாவிடம் கொடுத்தாள். நல்ல நேரம் பார்க்கவில்லை.

துளைகளைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டியபடி ஞானா விளக்கினாள். புற்றுக்கட்டி ஒரே பொருள் அன்றாம். ஒரு செல் தன்னைப் படியெடுக்கிறது. படியெடுக்கையில் பிழை நேர்கிறது. பிழையோடு பிறந்தது அப்பிழையோடே மேலும் படியெடுக்கிறது. ஒரே நோயாளியின் கட்டியில் பல இடங்களில், மருந்துக்கு முன்னும் பின்னும், துணுக்குகள் எடுக்கிறார்கள். ஒரே பிழையைச் சுமப்பவை ஒரே தாயின் பிள்ளைகள். அதைக்கொண்டு எது எதிலிருந்து கிளைத்தது, மருந்துக்குத் தப்பிய கிளை எப்போது பிரிந்தது என்று கணினி மரம் வரைகிறது. வரையக்கூடிய மரங்கள் கடற்கரை மணலினும் அதிகம். அவற்றுள் நம்பத்தக்கவற்றைத் தேடித்தான் அது இரவும் பகலும் அலைந்துகொண்டிருந்தது.

"உங்க பாடபேதம்தான் பெரியப்பா. நீங்க ஏட்டுல பாக்கறீங்க, நான் செல்லுல பாக்கறேன்."

கொலைகாரனுக்கும் குலமுறை உண்டு என்பது முதல் அதிர்ச்சி. தன் தாய்க்கு ஏன் மருந்து கேட்கவில்லை என்று தேடிய பெண்ணின் தேடலை அறுத்தவன் நான் என்பது அதனினும் பெரிது. என் மேசையிலிருந்த பிரதிகளை எவனாவது இப்படி வாரிப்போய்ப் பொட்டு வைத்திருந்தால், அவனுக்கு நான் என்ன சாபம் கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். சாபம் முழுதும் விருத்தப்பாவாகவே வந்தது.

கணக்கை முதலிலிருந்து தொடங்கிவிட்டு மறுநாள் அவள் சிதம்பரம் போக, நானும் உடன் போனேன். பேராசிரியை ஜெசிந்தா அம்மையார் தம் வீட்டு வாசலில் ஜெபமாலையோடு அமர்ந்திருந்தார். பிரசாதத் தட்டை நீட்டி, "அம்மையீர், இப்பேதையேன் அறியாமையால் இழைத்த பெரும்பிழையைப் பொறுத்தருள வேண்டும்" என்று தொடங்கினேன். அவர் திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டார். யாரோ இறந்த செய்தி என்று நினைத்தாராம்.

முழுதும் கேட்டபின் என்னை விட்டுவிட்டு ஞானாவின் பக்கம் திரும்பினார். "நடுநடுவுல சேவ் ஆகற மாதிரி நீ எழுதலியா?"

"இல்ல மேடம். வீட்டுல இன்வெர்ட்டர் இருக்குதேன்னு..."

"இன்வெர்ட்டர் கரண்ட்டைத்தான் பாத்துக்கும். பெரியப்பாவையுமா பாத்துக்கும்?"

அவர் சிரித்தார், ஞானாவும் சிரித்துவிட்டாள். ஆனால் குழு சிரிக்கவில்லை. கையிலிருந்த அரைகுறை மரத்தை அரைகுறை என்றே அவள் காட்டினாள். நேர்மையைப் பாராட்டி, ஆறு மாதம் தள்ளிவைத்தார்கள். அந்த ஆறு மாதமும் அவள் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. அதைத் தாங்குவதுதான் கடினமாக இருந்தது. பிறகு மரம் முழுதாக வந்தது. மருந்துக்குத் தப்பிய கிளை, மருந்து தொடங்குமுன்பே ஒதுங்கி நின்றிருந்ததைக் காட்டிற்று. நான் ஊழ்வினை என்று சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு கூத்தப்பெருமானைத் தொழுதுவிட்டு, சிதம்பரம் கீழவீதியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அருகில் ஒரு மாணவன் கைப்பேசியில் கத்தினான். "டேய், பெரியப்பா போட்டியா இல்லியா? பெரியப்பா போடாம எவன்டா உன்ன ஓட்டச் சொன்னான்?"

எனக்குப் புரையேறிற்று. "தம்பி, பெரியப்பா என்றால்?"

"அது ஒண்ணும் இல்ல சார். கம்ப்யூட்டர்ல பெரிய கணக்கு ஓடறப்ப, நடுநடுவுல சேவ் பண்ணி வெக்கணும். எங்க லேப்ல அதுக்கு அதான் பேரு. யாரோ ஒரு பெருசு பூசைன்னு பிளக்கப் புடுங்கிடுச்சாம்."

"அவர் இப்போது எங்கே?"

"அதெல்லாம் பழைய கதை சார். போயிருப்பாரு."

மறுக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னது என் அடுத்த அறியாமை. இன்றளவும், காலையில் நான் கண் விழிக்கச் சற்றே தாமதமானாலும், விசாலம் தொலைபேசியில் ஞானாவிடம் சொல்வது என் காதில் விழுகிறது.

"இல்லடி, பெரியப்பா ஓடிக்கிட்டுதான் இருக்காரு. திரைதான் இருட்டா இருக்குது. யாரும் இன்னும் பிளக்கப் புடுங்கல."