முழங்கை வரைக்கும் கணக்கு

அன்றைக்கு மன்னார்குடிப் பின்சந்தில், அந்த மூன்று போர்ஷன் வீட்டு வாசலில் நின்றவர்கள் ஐந்து பேர்: மாவு மில் வைத்திருக்கும் நான், என் மனைவி செல்வி, வீட்டை விற்க வந்த வீட்டுக்காரர், நடுப் போர்ஷனில் குடியிருந்த மல்லிகா அக்கா, அப்புறம் மைனஸ் பாய். செல்வியின் கைப்பையில் இருந்த நகையையும் ஆறாவது ஆளாகச் சேர்க்கலாம். அதை அடகு வைத்துத்தான் வீடு வாங்குவதாக இருந்தோம். வாடகை வட்டியைத் தாங்காவிட்டால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

காவிரி பாய்கிற பூமியில் எல்லாரும் கூட்டிப் பார்க்கத்தான் பிறக்கிறார்கள். கழித்துப் பார்ப்பதற்கென்றே பிறந்த ஒரே ஆத்மா மைனஸ் பாய். குவைத்திலிருந்து திரும்பி வந்து, சின்னச் சின்னக் கடை அறைகளாக வாங்கி வாடகைக்கு விட்டவர். ஊரில் யார் வீடு, மனை வாங்கினாலும் கூலி பேசி அவரைக் கூட்டிப்போவார்கள். "பாய், நல்ல மழை" என்றால், "வடிகால் வெட்டுற செலவு போகச் சொல்லு" என்பார். பையனுக்கு வேலை கிடைத்தது என்று லட்டு நீட்டினால், மெட்ராஸ் ரூம் வாடகையைக் கழித்த பிறகுதான் வாயைத் திறப்பார்.

கணக்கைக் காகிதத்தில் போடமாட்டார். உள்ளங்கையில் தொடங்கி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை நோக்கிப் பேனா ஏறும். முழங்கையைத் தொட்டுவிட்டால் அந்த வீட்டை வாங்கக் கூடாது.

"ஏன் பாய்?"

"தொழுகைக்கு ஒளு செய்யறப்ப முழங்கை வரைக்கும் கழுவிடுவேன். அதுக்கு மேல ஏறுன கணக்கு அப்படியே நின்னு தூக்கத்தக் கெடுக்கும்."

அதற்கு முந்தின கோடையில் வலங்கைமான் ரோட்டில் மனை போட்டிருந்தார்கள். வளைவு, கொடி, இலவச பிரியாணி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு அந்த வளைவைப் பார்த்ததுமே அரண்மனைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அட்வான்ஸ் கொடுக்கப் பையில் கையை விட்டேன். பாயோ வாய்க்கால் ஓரம் குந்தி உட்கார்ந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"நண்டு வளை தம்பி. எவ்ளோ இருக்கு பாரு! இதுங்க நமக்கு முந்தியே பட்டா வாங்கிக் குடியேறிடுச்சு. ஆத்துல தண்ணி வரட்டும், அது வாசல்ல கோலம் போடும், நீ மொட்ட மாடியில நிப்ப."

ஐப்பசியில் போய்ப் பார்த்தேன். வளைவு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதற்கடியில் வாத்துகள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. "அந்த மனையில வந்த ஒரே லாபம் ரெண்டு பிளேட் பிரியாணிதான். அத நான் எடுத்துட்டேன்" என்றார் பாய்.

இப்போது அந்த வீட்டுக்கு வருகிறேன். விலை பதினான்கு லட்சம். சீட்டுப் பணமும் சேமிப்பும் ஒன்பது, நகைக்கடன் ஐந்து. மூன்று கதவு, கதவுக்கு மூவாயிரம், மாதம் ஒன்பதாயிரம். வட்டி ஐயாயிரம் போனாலும் நாலாயிரம் மிச்சம்! சந்தோஷத்தில் அந்த நாலாயிரத்தை விரல் விட்டு இரண்டு தடவை எண்ணினேன்.

பாய் பேனாவைத் திறந்தார். "காலியாக் கெடக்குற மாசம், வீட்டு வரி, மோட்டார் ரிப்பேரு, வெள்ளையடிப்பு... மாசம் ஆயிரத்து ஐந்நூறு கழி. ரெண்டாயிரத்து ஐந்நூறு நிக்குது. மணிக்கட்டத் தாண்டல. வாங்கலாம்!"

செல்வி குதிக்காத குறை. அந்த நேரம் பார்த்து மல்லிகா அக்கா தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டார். உள்ளே போன பாய், ஒரு தினுசான முகத்தோடு வெளியே வந்தார்.

"தம்பி, நடு வீட்டுச் செவுத்துல எத்தன ஆணி பாத்தியா? வாடகைக்கு இருக்கறவங்க ஒரு ஆணி அடிக்கறதுக்கே வீட்டுக்காரர் மூஞ்சியப் பாப்பாங்க. இங்க கொல்லன் பட்டறையே நடந்திருக்கு. தங்கச்சி, நீங்க வாடகையா, ஒத்தியா?"

"ஒத்திதான் பாய். ரெண்டு லட்சம் குடுத்திருக்கோம். அவரு சொல்லலீங்களா?"

ஒத்தி என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பார்கள்; காலி செய்யும்போது அவ்வளவையும் திருப்பித் தர வேண்டும். வீடு கைமாறினால் அது என் தலையில். வாடகையா, ஒத்தியா என்பதுதான் எங்கள் ஊரில் யாரும் முதலில் கேட்கிற கேள்வி. நானோ கதவை எண்ணி மூவாயிரத்தால் பெருக்கிவிட்டேன்.

"பேசிக்கலாம்னு இருந்தேன் பாய்..." என்று இழுத்தார் வீட்டுக்காரர்.

பாய் மறுபடி எழுதினார். ஆறாயிரம் வரவு. வட்டி ஐயாயிரம். செலவு ஆயிரத்து ஐந்நூறு. மாதம் ஐந்நூறு ரூபாய் நஷ்டம். பேனா முழங்கையில் நின்றது. "ரெண்டு லட்சம் கடன எழுத என் கையில எடமில்ல. உன் கையக் குடு!" என் கையிலும் எழுதினார். செல்வி பையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லப்போறாங்க. ரெண்டு லட்சத்த வெலையில கழிங்க" என்றார் பாய்.

"ஒரு லட்சம்."

"கழிங்க."

"ஒன்றரை. அதுக்கு மேல முடியாது பாய்."

"பாங்கு சொன்னா கையக் கழுவிடுவேன். தொழுதுட்டு வந்து மொதல்லேருந்து கழிப்பேன். கூரைய நான் இன்னும் பாக்கவே இல்ல."

பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது.

"சரி, சரி, பன்னெண்டு!" என்று வீட்டுக்காரர் அலறினார்.

கடன் மூன்று லட்சமாக இறங்கியது; வட்டி மூவாயிரம். எல்லாம் போக மாதம் ஆயிரத்து ஐந்நூறு கையில் நிற்கும்! மல்லிகா அக்கா வீட்டுக் குழாயடியில் பாயின் கணக்கு நீலமாக ஓடிக்கொண்டிருக்க, செல்வி அங்கேயே வளையல்களை எடுத்துத் திரும்பப் போட்டுக்கொண்டாள். "என்னங்க, வாங்கிட்டோமா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

மீதி நகையும் பிறகு அடகிலிருந்து வீடு திரும்பிவிட்டது. மல்லிகா அக்கா இன்னும் ஆணி அடிக்கிறார். இப்போது அது என் சுவர்.

பாய்க்குப் பேசிய கூலி ஆயிரம் ரூபாய். வாங்க மறுத்துவிட்டார். "கெடக்கட்டும், குடிக்கிற டீயில கழிச்சுக்கறேன். டீ பத்து ரூபா." வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகை முடிந்து மில்லுக்கு வருவார், டீ குடிப்பார், கழிப்பார், என் வியாபாரத்தையும் சேர்த்துக் கழித்துவிட்டுப் போவார்.

போன மாதம் தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "முப்பது ரூபாதான் பாக்கி தம்பி. இன்னும் மூணு டீ. அதோட கணக்கு முடிஞ்சுது."

அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை, டீயை அவர் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன்: "பாய், இனிமே நம்ம மில்லுல டீ ஒரு ரூபா."

"பால் வெலை ஏறிக்கிட்டே போவுது, நீ எறக்குற? லூசா நீ?"

"எல்லாத்தையும் கழிச்சுப் பாத்துட்டேன் பாய். இதுதான் லாபம்."

என்னை ஒரு முறை முறைத்தார். டீயைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். பிறகு பேனாவைத் திறந்து, உள்ளங்கையில் நிதானமாக எழுதினார்: பாக்கி, இருபத்தொன்பது ரூபாய்.