குடிவெள்ளம் கேட்ட கார்

காலை ஏழேகாலுக்குள் மூன்று தடவை ஜெயன் என்ற பெயர் அந்த வீட்டில் கேட்டுவிட்டது. இன்னொரு தடவை கேட்டால் தோசையைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவது என்று தாணு முடிவு செய்தார்.

"கார்ல சூடு காட்டுற முள்ளு மறுபடியும் செவப்புக்குப் போச்சு. ஜெயன்ட்ட காட்டிட்டு வாறேன்," என்றார் மனைவி விலாசினி.

தோசை முறுகலாக இருந்தது. தாணு எழவில்லை.

விலாசினிக்குப் பாலராமபுரத்தில் சேலைக் கடையில் வேலை. பாறசாலையிலிருந்து தினமும் காரில் போவார். வழியில் நெய்யாற்றின்கரையில் ஜெயனின் ஒர்க்‌ஷாப். ஜெயன் தாணுவைவிட இளையவன், தலை நிறைய முடி. இரண்டையுமே தாணு குற்றமாகத்தான் கருதினார்.

முதல் தடவை என்ஜின் சூடானபோது ஒரு குழாய் கசிந்திருந்தது. ஜெயன் குழாயை மாற்றி, என்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலண்ட் ஊற்றி அனுப்பினான். வண்டி ஆறியதும் தாணு பானட்டைத் தூக்கி மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே ரோஸ் நிறம்.

கூலண்ட் கடையிலேயே அந்த நிறத்தில் விற்கும் என்று அவருக்குத் தெரியாது. அவர் அறிந்த ஒரே ரோஸ் தண்ணீர், பதிமுக மரச் சீவல் போட்டுக் கொதிக்கவைத்து அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு குடிக்கும் வெள்ளம்தான். விலாசினி தினமும் ஒரு பாட்டில் கொண்டுபோவார். மிச்சத்தைத் தாணுவின் மூளை பார்த்துக்கொண்டது. இவள் பாட்டிலை நீட்டுகிறாள். அவன் அண்ணாந்து குடிக்கிறான். குடித்தது போக மீதியை வண்டியில் ஊற்றுகிறான். இங்கே கட்டிய புருஷன் இரண்டு தடவை கேட்டால்தான் ஒரு டம்ளர் வரும்.

ரேடியேட்டரின் அடிப்பக்கக் குழாயைக் கழற்றி அவ்வளவையும் வாழை மூட்டில் கொட்டினார். கிணற்று வெள்ளத்தை நிறைத்தார். உள்ளே காற்று அடைத்துக்கொண்டது. மறுநாள் வண்டி கொதித்தது. விலாசினி ஜெயனிடம் போனார். ஜெயன் ரோஸ் ஊற்றினான். தாணு மறுபடி கொட்டினார். மனைவியை அங்கே அனுப்பிக்கொண்டிருப்பது தான்தான் என்பது மட்டும் அவருக்கு எட்டவில்லை.

தோசை தின்ற அன்று சாயங்காலம் விலாசினி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார்.

"ஏட்டி, நம்ம குடிவெள்ளத்த அவனுக்குக் குடுப்பியா?"

"எவனுக்கு?"

"வண்டிக்குள்ள ரோஸா கெடக்குல்லா. நானாக்கும் ரெண்டு தடவ கொட்டுனது."

விலாசினி வாழையைப் பார்த்தார். காரைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். வந்த சிரிப்பைத் தொண்டையிலேயே நிறுத்தினார்.

"கண்டுபிடிச்சிட்டியளா? நம்ம வெள்ளந்தான். இந்த வண்டிக்கு அதுதான் பிடிக்குது. வேற எத விட்டாலும் சூடாவும்."

"அதுக்கு?"

"அதுக்கு, தெனமும் காலையில ஜெயன்ட்ட போவணும். அவன் விட்டுத் தருவான்."

"தெனமுமா?"

"பின்ன? இல்லேண்ணா வீட்டுல வெளுப்புக்கே எழும்பிக் கொதிக்க வச்சு, அரிச்சு, ஆற வைக்கணும். எனக்கு எங்க நேரம் உண்டு? அது கெடக்கட்டு, ஜெயனே செய்யட்டு."

"அவன் ஒண்ணும் செய்யாண்டாம். நான் வைக்குதேன்."

"பதிமுகம் எவ்வளவு போடணும்ணு அறியுமா?"

"இத்தன காலம் குடிச்சிருக்கேன்லா."

"வலிய பானையில வைக்கணும்."

"ஒரு காருக்கு எதுக்கு வலிய பானை?"

"மிச்சத்த நாம குடிக்கலாமே. களையவா?"

தாணுவுக்கு நியாயமாகத்தான் பட்டது.

"வண்டில நானே விட்டுக்கிடுதேன்," என்றார் விலாசினி. "நீங்க குழாயத் தொடாண்டாம். காத்து கேறிடும்."

அடுத்த நாள் ஜெயன் கடைசி முறையாக, உள்ளே மிச்சமிருந்த காற்றையும் வெளியேற்றிக் கூலண்ட் நிறைத்தான். அன்றிலிருந்து தாணு ஐந்தரைக்கு எழுந்து அடுப்பு பற்றவைத்தார். விலாசினி ஆறேகால் வரை தூங்கினார். வெள்ளம் பாட்டிலுக்கும் குடத்துக்கும் போனது. கார் சூடாகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தாணு பானட்டைத் தூக்கி, தான் காய்ச்சிய நிறத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். ஜெயனால் முடியாததைத் தான் செய்துவிட்டதாக அண்டை வீட்டு விஜயம்மாவிடமும் சொல்லிவைத்தார்.

ஏப்ரல் 22 அன்று விலாசினி ஆயில் மாற்ற ஜெயனிடம் போனார். நல்ல வெயில். பாட்டிலைக் கொடுத்தார். ஜெயன் அண்ணாந்து குடித்துவிட்டு, வழக்கமாகக் கொண்டுவருவதைவிட இது நன்றாக இருக்கிறது என்றான்.